குங்குமம் வைத்த ஒயர்

என் மேசை இழுப்பறையில் ஒரு டார்ச் செல் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின் நினைவு வருகிறது. கூடவே வெறுப்பும் வருகிறது.

பெரியப்பா செங்கல்பட்டில் தலைமையாசிரியர். எங்கள் உறவில் முதன்முதலில் ஸ்டீரியோ வாங்கியவர். ஸ்பீக்கர் ஒயர்கள் எல்லாம் ஒரே நிறம் என்பதால், பிளஸ் ஒயரின் நுனியில் அடையாளத்துக்குக் குங்குமம் தடவி வைத்தார். ஒரு வருஷம் ஆயுத பூஜை வந்தது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தவர், பெட்டி, ஸ்பீக்கர், ஒயர் நுனி என்று ஒன்றுவிடாமல் குங்குமம் வைத்தார். எது பிளஸ், எது மைனஸ் என்று அந்தச் சரஸ்வதிக்கே தெரிந்திருக்காது. ஒரு குருட்டுத் தைரியத்தில் திரும்ப மாட்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே பெரியம்மா சொன்னாள். நன்றாகப் பாடுவாள், அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் நலங்குப் பாட்டுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். "பாட்றவங்க நேத்து வரைக்கும் நடுவுல நின்னு பாடுனாங்க. இப்ப ஆளையே காணோம். மிருதங்கத்துல தொம்முனு வருமே, அதுவும் செத்துப்போச்சு. ஒயரக் கொஞ்சம் பாருங்க."

"ஒயரு மாட்னது நானு. உன் காதுதான் அவுட்டு."

அதோடு விட்டாரா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவளுக்குக் காது மந்தம், கத்திப் பேசுங்க" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் கத்தினார்கள். காது கேட்காதவளுக்குச் சுருதி எப்படிச் சேரும் என்று கல்யாணங்களில் பாடக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். காதில் குறையில்லை என்று டாக்டர் சொன்னபோது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது என்றார் பெரியப்பா. ஒரு ஒயரைத் திருப்பி மாட்டிப் பார்க்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சீ, என்ன மனிதர்!

போன ஆயுத பூஜைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பீக்கர்களின் முன்துணியைக் கழற்றினேன். பெட்டியின் சிவப்பு முனைக்குப் போகிற ஒயரில் கையிலிருந்த டார்ச் செல்லின் பிளஸையும் மற்றதில் மைனஸையும் தொட்டேன். இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே துள்ளியது. வலதில் அதே மாதிரி தொட்டேன், உள்ளே போனது. ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால், நடுவில் வரவேண்டிய குரலும் தொம்மும் ஒன்றையொன்று அடித்துவிடும். அதை மட்டும் மாற்றி மாட்டிப் பாட்டுப் போட்டேன். பாடகி கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். மிருதங்கம் தொம்மென்றது.

பெரியப்பா கொஞ்சமும் கூசாமல் பெரியம்மாவின் பக்கம் திரும்பிக் கத்தினார். "இப்பவாவது கேக்குதாடி?"

"எனக்கு எப்பவும் கேட்டுகினுதாங்க இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

அவர் பூஜைத் தட்டை எடுத்துவந்து ஸ்டீரியோவுக்குப் பொட்டு வைத்தார். பக்கத்தில் கிடந்த என் செல்லுக்கும் ஒன்று வைத்தார். அது இன்னும் அழியவில்லை. துடைக்கலாம்தான், தொடவே அருவருப்பாக இருக்கிறது.