இஸ்தாமிடம் கேட்காத மன்னிப்பு

புகாராவின் யூதர் தெருவில் நாற்பது ஆண்டுகள் முடி திருத்தியவர் நேரியோ. கைச் சுத்தம் உண்டு, வாய்க்குத்தான் உறுதி தர முடியாது என்று அவருடைய மனைவி ஸூலாயே சொல்வதுண்டு. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்புக்கு முந்தைய நாள் நண்பகலில் கடையை அடைத்துவிட்டு அவர் வீடு வீடாகச் செல்வார். தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்பார்; எதிரில் நிற்பவரும் அதையே திருப்பிச் சொல்வார். கடவுளுக்குச் செய்த பிழையை நோன்பு கழுவும். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர் மன்னித்த பின்னரே கழுவும். ஆகையால் அத்தெருவில் ஒருவரும் இதைத் தவறவிடுவதில்லை.

பதினோரு ஆண்டுகளாக அவர் முதலில் தட்டியது சாயக்காரர் ஹியோவின் கதவை.

"மன்னிச்சாச்சு, போ. போன மாசம் என் மீசையைக் கோணலா வெட்டினியே, அதையும் சேர்த்துத்தான்" என்பார் ஹியோ. நேரியோவும் சிரித்துவிட்டு நகர்வார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இதுதான். ஹியோவின் மகள் இஸ்தாமைப் பெண் கேட்டுச் சமர்கண்டிலிருந்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் தகப்பனார், சவரத்துக்காக நேரியோவின் நாற்காலியில் அமர்ந்தார். பெண் எப்படி என்று விசாரித்தார். தங்கமான பெண் என்று சொன்னதோடு நேரியோ நிறுத்தியிருக்கலாம். ஊர் விஷயம் அனைத்தும் தமக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை விடவில்லை. சில சமயம் மயங்கி விழுவாள் என்றும் சேர்த்தார். இஸ்தாம் மயங்கியது வாழ்நாளில் ஒரே முறை. பன்னிரண்டு வயதில், முதன்முதலாகத் தண்ணீரும் பருகாமல் முழு நோன்பிருந்த அன்று, ஜெபக்கூடத்து முற்றத்தில். அவளைத் தூக்கி நிழலில் கிடத்தியவர் நேரியோவேதான். வந்தவர்கள் காரணம் சொல்லாமல் ஊர் திரும்பினார்கள். பெண்ணுக்கு வலிப்பு என்ற பேச்சு மட்டும் தங்கிவிட்டது. அதன்பின் யாரும் பெண் கேட்டு வரவில்லை. இஸ்தாமுக்கு வயது முப்பத்திரண்டு ஆயிற்று.

அந்த ஆண்டு நோன்பன்று ஜெபக்கூடத்தில் நேரியோவும் ஹியோவும் வழக்கம்போல் அருகருகே நின்றனர். பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொள்ளும் வேண்டுதல் அது. 'நாவினால் நாங்கள் செய்த பாவம்' என்ற இடத்தில் ஹியோவின் கை அவர் நெஞ்சில் பலமாக விழுந்தது. யாரைப் பற்றியும் ஒரு சொல் தவறாகப் பேசாத மனிதர். நேரியோவின் கை எழவில்லை.

பிற்பகல் இடைவேளையில் முற்றத்து முசுக்கட்டை மரத்தடியில் அவர் ஹியோவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பதினோரு வருஷமா நான் மன்னிச்சது மீசைக்குடா, நேரியோ" என்றார் ஹியோ. "இது என்கிட்ட கேக்குற விஷயம் இல்ல. அவகிட்ட போ."

நிறைவு வேண்டுதலுக்குச் சற்று முன்பு நேரியோ பெண்கள் அறையின் வாசலில் போய் நின்றார். இஸ்தாம் எழுந்து வந்தாள். தெரிந்தோ தெரியாமலோ என்று அவர் தொடங்கியதும், எது என்று கேட்டாள். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க மாமா. அன்னைக்குக் கடையில மெதுவாவா சொன்னீங்க?"

அவர் மீண்டும் சொன்னார். அறை முழுதும் கேட்டது. ஸூலாய் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"மன்னிக்க முடியாது" என்றாள் இஸ்தாம்.

மன்னிப்புக் கேட்பவரை மூன்று முறை வரை மறுக்கலாம். அதற்கு மேலும் மறுத்தால் பாவம் மறுத்தவரைச் சேரும் என்பது விதி. இஸ்தாம் அதை அறிந்தவள்.

"இது முதல் தடவைதான், இன்னும் ரெண்டு இருக்கு. சமர்கண்டுல அவங்க வீட்டு ஆளுங்க எல்லார் முன்னாடியும் இதையே சொல்லிட்டு வந்து, ரெண்டாவது தடவை கேளுங்க."

நிறைவு வேண்டுதல் தொடங்கியது. ஹியோவின் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது; அங்கே சென்று நிற்க நேரியோவுக்குத் துணிவு வரவில்லை. நிலைப்படி அருகிலேயே நின்று முடித்தார். கொம்பு ஊதி நோன்பு முடிந்ததும் அனைவரும் உணவுக்கு விரைந்தனர். சமர்கண்டுக்கு நாளைக்கு ரயில் உண்டா என்று அவர் ஸூலாயிடம் கேட்டார். அவள் பத்தடி பின்தங்கியே நடந்து வந்தாள்.