இருபது வயசுக்கு மேல் வளர்ந்த வருஷம்

மாதா என் தோளில் மட்டும்தான் கனக்கிறாள்னு அந்த வருஷத் திருவிழாவில் நான் சத்தியமா நம்பினேன். புன்னைக்காயலில் சப்பரம் தூக்குறவங்களுக்கு இது புதுசு இல்லை. சில தெருவில் சப்பரம் பூ மாதிரி போகும். சில வாசலில் கல்லாக் கனத்து நின்னுடும், அங்கன மாதாவுக்கு ஏதோ சோலி இருக்குன்னு சொல்வாங்க. எனக்கோ கோயில் வாசலில் தூக்கினதிலிருந்து கனம். அடேயப்பா, அப்படி ஒரு கனம்! தோள்பட்டை கழன்று கையோடு வந்துடும் போல இருந்தது. வலி ஒரு பக்கம், புல்லரிப்பு ஒரு பக்கம். இத்தனை பேர் இருக்க என் தோளைத் தேடி வந்து சாயுறாளே, என்ன சொல்ல வாராளோன்னு கண்ணில் தண்ணி வந்துட்டு.

பவனி முடிஞ்சதும் இதை மச்சானிடம் சொன்னேன். அக்கா வீட்டுக்காரர். கப்பல் வேலையிலிருந்து லீவுக்கு வந்தவர், சப்பரத்தைத் தாங்குற அதே தண்டில் எனக்கு நேர் பின்னால் தோள் கொடுத்தவர். அவர் சிரிக்கவே இல்லை.

"ஏலே மாப்ள, மாதா மேல பழியப் போடாத. நான் இன்னைக்குத் தூக்கவே இல்லலே. என் தோளுக்கும் தண்டுக்கும் நடுவுல ஒரு கை போகுது. நீதாம்ல அம்புட்டையும் சுமந்திருக்க."

சப்பரத்துக்கு ஆள் நிறுத்தும்போது உயரம் பார்த்துத்தான் நிறுத்துவாங்க. கொஞ்சம் குள்ளமானவன் துண்டை மடிச்சுத் தோளில் வச்சுச் சரிக்கட்டுவான். நடுவில் நெட்டையா ஒருத்தன் புகுந்துட்டா, பாரம் பூரா அவனுக்குத்தான். போன திருவிழாவில் மச்சானும் நானும் ஒரே மட்டம், அதே நினைப்பில்தான் இந்த வருஷமும் சேர்ந்து நின்னோம். இப்போ கோயில் சுவரில் முதுகை ஒட்டி நிக்க வச்சுப் பார்த்தார். அவரை விட நான் நாலு விரல் கூடுதல். எனக்கோ இருபது முடிஞ்சு இருபத்தொண்ணு நடக்குது. அந்த வயசில் எவனாவது வளருவானா? வளர்ந்திருக்கேனே!

வீட்டில் அம்மா அதுவரைக்கும் சோப்புத் தூளைத்தான் திட்டிக்கிட்டு இருந்தாள். துவைக்கத் துவைக்க என் பேன்ட் சுருங்குதாம். செருப்பு கடிக்குதுன்னா அது செருப்புக் கடைக்காரன் செய்த கள்ளத்தனமாம். மச்சான் போய் விஷயத்தைச் சொன்னதும் என்னை வாசலில் நிக்க வச்சு, காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். "சேசுவே" என்றாள்.

மச்சான் அதோடு விட்டிருக்கலாம். ஃபோனில் தேடிட்டார். இந்த வயசில் வளர்ந்தா மண்டைக்குள்ள ஒரு சுரப்பியில் கட்டி இருக்கலாம்னு அதில் போட்டிருந்துச்சு. அவருக்கு மனசில் ஒண்ணு தங்காது, அன்னைக்கே அம்மாவிடம் உளறி வச்சார். அப்புறம் லீவு முடிஞ்சு கப்பலுக்குப் போய்ட்டார். நாங்க ரெண்டு பேரும் அந்தக் கட்டியோடு வீட்டில் கிடந்தோம்.

பயம்னா அப்படி ஒரு பயம். எனக்குப் பதினாறு வயசில் அப்பா மஞ்சள்காமாலையில் போய்ட்டார். அடுத்த மாசமே பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, சொந்தக்காரர் ஃபைபர் படகில் ஏறினவன் நான். வீட்டுக்கு ஆம்பளைன்னா நான்தான். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவை யார் பார்ப்பா? வலை இழுக்கும்போது இதே நினைப்பு. காலையில் அம்மா காப்பி கொடுக்கும்போது என்னை அண்ணாந்து பார்ப்பாள். ஒரு நாள் தாங்க முடியாம, "போதும்லே, வளராதலே" என்றாள். நான் என்னமோ வேணும்னே செய்ற மாதிரி.

தூத்துக்குடியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். கேள்வியாக் கேட்டாங்க. தலைவலி உண்டா, கண் மங்குதா, குரல் எப்போ உடைஞ்சுது, முகச்சவரம் எப்போ ஆரம்பிச்சீங்க? அம்மா பக்கத்தில் இருக்கா. நான் தரையைப் பார்த்துக்கிட்டே, இன்னும் பிளேடே வாங்கலைன்னேன். படகில் எல்லாரும் என்னைப் பால்வடியும் மூஞ்சின்னு கிண்டல் பண்றதை அதுவரைக்கும் வீட்டில் சொன்னதே இல்லை. அப்புறம் அம்மாவிடம், "இவங்க அப்பா எப்படி, சீக்கிரம் வளர்ந்தவரா?" என்று கேட்டாங்க.

"கல்யாணத்தன்னைக்கு எனக்குச் சமமாத்தான் நின்னாவ டாக்டரம்மா. மூத்தவ பிறக்கையில வாசப்படியில தல இடிச்சாவ."

டாக்டரம்மா பேனாவை வச்சுட்டு அம்மாவையே பார்த்தாங்க. நானும் பார்த்தேன். இதை எனக்கு யாருமே சொன்னதில்லையே!

ரத்தம் எடுத்தாங்க. இடது கையை எக்ஸ்ரே எடுத்தாங்க. அடுத்த வாரம் போனப்போ அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டினாங்க. எம்மாடி, அது என் கையா? மீன் முள் குத்தின தழும்பு, கயிறு அறுத்த கோடு, என் கையில் எனக்குத் தெரியாத இடம் இல்லைன்னு நினைச்சிருந்தேன். இதில் அதெல்லாம் ஒண்ணுமே இல்லை. வெள்ளை வெளேர்னு எலும்பு. ஒவ்வொரு எலும்பு முனையிலும் தொப்பி மாதிரி தனியா ஒரு சின்னத் துண்டு. தொப்பிக்கும் எலும்புக்கும் நடுவில் கறுப்பா ஒரு மெல்லிய இடைவெளி.

"நீங்க வளர்றது இங்கேதான். இது மூடுற வரைக்கும் வளருவீங்க."

நான் மூச்சு விடாமப் பார்த்தேன். இத்தனை வருஷம் கடலில் கிடந்து வெந்திருக்கேன், தூங்கியிருக்கேன், அழுதிருக்கேன். எதையும் கேட்காம, யாரிடமும் சொல்லாம, இந்த இடைவெளிகள் தன்பாட்டுக்கு வேலை பார்த்திருக்கு. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கைகூப்பத் தோணினதில்லை.

"ரத்தத்துல ஒரு குறையும் இல்லம்மா. கட்டி கிட்டின்னு பயப்படாதீங்க. அப்பா மாதிரியே இவரும் தாமதமா வளர்றவர், அவ்வளவுதான். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க. வயசு இருபது ஆனாலும், எலும்பைப் பார்த்தா பதினஞ்சுக்கு மேல சொல்ல முடியாது."

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. அம்மா மட்டும் அசையலை.

"அப்போ பதினாறு வயசுல இவன் எலும்புக்கு என்ன வயசு இருந்திருக்கும்?"

"பன்னெண்டு இருக்கலாம். ஏம்மா?"

அம்மா எழுந்துட்டாள். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துட்டாள்.

"பன்னெண்டு வயசுப் பிள்ளையவா நான் கடலுக்கு அனுப்பிச்சேன்?"

"அம்மா, எனக்கு அப்போ பதினாறும்மா. சர்ட்டிபிகேட்டு இருக்குல்லா."

"சர்ட்டிபிகேட்டா வலை இழுத்துச்சு?"

முந்தானையை வாயில் வச்சுக்கிட்டு அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் அவளை விட உயரமா இருந்தது எனக்குச் சங்கடமா இருந்தது.

கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து முகத்தைத் துடைச்சுக்கிட்டாள். எதிரே டீக்கடை. நேரே போய்க் கடைக்காரரிடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு டீ. பிள்ளைக்குப் பாலு, நல்லா ஆத்திக் குடுங்க."

அவர் பாலை ஆத்தி எடுத்துக்கிட்டு, பிள்ளையைத் தேடி மேசைக்கு மேலாக் கீழே குனிஞ்சு பார்த்தார். அம்மா என் முழங்கையைப் பிடிச்சு முன்னால் தள்ளினாள். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார், அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்தார், கிளாஸை நீட்டினார். பால் குடிச்சுப் பல வருஷம் ஆச்சு எனக்கு. கிளாஸ் காலியாகிற வரைக்கும் அம்மா பக்கத்திலேயே நின்னாள், அவள் டீயைத் தொடவே இல்லை.