அப்பா கேட்ட பில்டர்

அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அத்தை, நான், தொட்டிலில் தம்பி, வாசலில் லாரி சித்தப்பா. சித்தப்பா ஒரு காலைப் படியிலும் மறு காலைத் தெருவிலும் வைத்துக்கொண்டுதான் பேசினார் என்பதால் அவரை அரை ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். அப்பா இல்லை. அதைச் சொல்ல வேண்டியதே இல்லை, நடுவில் ஒரு மாதம் தவிர அந்த இரண்டு வருஷமும் அப்படித்தான்.

அப்பா கார் டிரைவர். புதுத் துறைமுகத்தில் வேலை கிடைக்கும் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் தூத்துக்குடியில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், அப்பா தூத்துக்குடியை விட்டுப் போனார். எங்கள் ஊர் கான்டிராக்டர் ஒருவர் மலையில் அணைக்கட்டு வேலை எடுத்திருந்தார். அவருடைய அம்பாசிடரை அங்கே ஓட்டுவதற்கு அப்பா. எழுதும் பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. அந்த மலைக்குக் கருவாடும் உப்பும் ஏற்றிப் போகிற லாரி சித்தப்பாதான் எங்களுக்குத் தபால். அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் சித்தப்பா, மற்றபடி சொந்தம் ஒன்றும் இல்லை.

“மைனி, அண்ணன் நல்ல பில்டரா ஒண்ணு வாங்கி வைக்கச் சொன்னாரு. நாளைக்குச் சாயந்திரம் லோடு ஏத்திட்டுப் போறப்ப வந்து எடுத்துக்கிடுதேன். மட்டமா மட்டும் வாங்கிராதிய. அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு.”

படியில் இருந்த காலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டில் காப்பி என்றால் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தூளையும் கொட்டிக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டுவதுதான். பில்டர் என்ற பொருளை நாங்கள் பார்த்திருந்தது அடுத்த தெரு பாங்கி குமாஸ்தா வீட்டில், அதுவும் அடுக்களை ஜன்னல் வழியாக. பில்டர் என்றால் எங்களுக்கு அந்த ஒன்றுதான்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள், மாமா இறந்த பிறகு எங்களோடு இருந்தாள். முதலில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கருப்பட்டித் தண்ணியக் குடிச்சு வளந்த பய. அவனுக்கு பில்டர் காப்பி கேக்குதோ?”

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். “ஏளா, எந்த ஆம்பிள தானா பில்டர் வச்சு காப்பி போட்டுக் குடிக்கான்? யாரு கையில குடிக்கானோ!”

யார் கையில் குடித்தால் என்ன, சூடாக இருந்தால் சரிதானே என்று நான் நினைத்தேன். என்னுடைய கவலை வேறு. கவலைப்பட ஏதாவது ஒன்று எனக்கு அப்போதும் வேண்டும், இப்போதும் வேண்டும். வாங்கியது மட்டமாகப் போய்விட்டால் என்ன செய்வது, சித்தப்பா மறந்துபோய் நேரே மலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்தேன். அம்மா பகல் முழுவதும் தொட்டில் பக்கமே இருந்தாள். தம்பி அழுதபோது தொட்டிலை ஆட்டினாள். அவன் தூங்கிப்போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. அதைக் கேட்டுத் தம்பி விழித்துக்கொண்டான், அம்மாவுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். கடை அண்ணாச்சி பித்தளையிலும் எவர்சில்வரிலுமாக ஏழெட்டு பில்டரை வரிசையாக எடுத்து வைத்து, ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். துளை பொடிசாக, ஒரே மாதிரியாக இருந்தால் நல்ல பில்டர் என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். அத்தனை துளையிலும் சூரியன் தெரிந்தது.

“எத்தன பேருக்கும்மா?”

அம்மா பில்டர் வரிசையையே பார்த்தாள்.

“ஒத்தை ஆளுன்னா இந்தச் சின்னது. ரெண்டு பேருன்னா அந்த நடுவாந்தரம். வீட்டுல எத்தன பேரு காப்பி குடிப்பிய?”

எங்கள் வீட்டில் யாரும் பில்டர் காப்பி குடிப்பதில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். அண்ணாச்சி சாமானைத் துடைத்தார், வேறு ஒருவருக்குக் குடம் எடுத்துக் கொடுத்தார், திரும்பி வந்தார். அம்மா அப்படியே நின்றாள்.

“ஒத்தை ஆளுக்கு” என்றாள் கடைசியில். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். இருப்பதிலேயே சின்னதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

சாயந்திரம் சொன்னபடி சித்தப்பா வந்தார். அம்மா காகிதத்தில் சுற்றி நூலால் கட்டி வைத்திருந்ததை நீட்டினாள். எடை பார்ப்பது போல அதைக் கையில் தூக்கிப் பார்த்தார், சந்தேகத்தோடு பிரித்தார். பிரித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

“ஏ மைனி! இதை எங்கன கொண்டு மாட்ட? காரு காப்பி குடிக்குமா? அண்ணன் கேட்டது ஆயில் பில்டருல்லா!”

அத்தை, “அதை அப்பமே சொல்லித் தொலைச்சா என்னலே?” என்று பாய்ந்தாள். “அந்தச் சனியனக் குடு. நாளைக்கு நானே கொண்டுபோயி அண்ணாச்சிட்ட குடுத்துட்டு வாரேன்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். அதற்குப் பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நல்ல வேடிக்கை என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சித்தப்பா அப்புறம்தான் விவரம் சொன்னார். காருக்கு வேண்டிய சாமானைக் கான்டிராக்டரின் மேனேஜர் எப்போதும் விலை குறைவாகப் பார்த்தே வாங்குவாராம். அப்படி வாங்கிய பில்டரால்தான் போன வருஷம் என்ஜின் இறுகி நின்றது. பழி வந்தது அப்பா மேல். இன்னொரு தடவை நின்றால் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போ என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அதனால்தான் அப்பா சொந்தக் காசில் நல்லதாக ஒன்று வாங்கி மாட்டிவிட நினைத்தார்.

அப்பாவுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று அந்த நிமிஷத்திலிருந்து கவலைப்பட ஆரம்பித்தேன்.

லாரியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு மோட்டார் சாமான் கடைக்குப் போனார் சித்தப்பா. பின்னால் கருவாடு, முன்னால் நாங்கள். கடைக்காரர் காயல்பட்டினத்து பாய். அம்பாசிடர் என்றதும் இரண்டு அட்டைப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருந்ததை மேஜையில் நிறுத்தி வைத்தார். விசிறி மடிப்பாக மடித்த காகிதத்தை உருளையாக வளைத்து, மேலும் கீழும் தகடு வைத்தது. இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன.

“விரலால தொட்டுப் பாருங்கம்மா. இதுல மடிப்பு நெருக்கமா இருக்கா? காகிதம் வெறப்பா நிக்குதா? அந்தா அதுல பாருங்க, மடிப்பு கலைஞ்சு கெடக்கு. தகட்டுல பசை சரியா ஒட்டல. ரப்பர் வளையம் இப்பமே காஞ்சு போச்சு. சூடான ஆயில் பட்டா காகிதம் ஊறிப் பிஞ்சு, துணுக்கு துணுக்கா என்ஜினுக்குள்ள போயிரும்.”

அம்மா நல்லதை ஒரு கையிலும் மட்டமானதை மறு கையிலும் எடுத்துக்கொண்டாள்.

“இந்த மட்டத்தைப் போட்டா எத்தன நாளு ஓடும்?”

“ஒரு மாசம் ஓடும், ரெண்டு மாசம் ஓடும். ஒரு நா ஏத்தத்துல நின்னுரும்.”

“நின்னா வண்டியில இருக்க ஆளுக்கு ஒண்ணும் ஆவாதே?”

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். “ஆளுக்கு என்னம்மா ஆவப்போவுது? இறங்கி ஓரமா நிப்பாரு. வண்டிக்குத்தான் மவுத்து, என்ஜின் செத்துப்போவும்.”

“என்ன மைனி, எதுக்கு இப்படிக் கேக்கிய?” என்றார் சித்தப்பா.

“சும்மாத்தான்.”

போன வருஷம் என்ஜின் நின்றபோது காரை லாரியில் ஏற்றி எங்கள் ஊர் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். வேலை முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பகலெல்லாம் அப்பா பட்டறையில் மெக்கானிக்கோடு உட்கார்ந்திருப்பார், பொழுது சாய மண்ணெண்ணெய் வாடையோடு வீட்டுக்கு வருவார். அந்த நாட்களில் அம்மா தினமும் சாளைக் குழம்பு வைத்தாள். அத்தையோடு ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. கார் சரியாகிக் கிளம்பிய அன்று தெருமுனை வரை போய், புழுதி அடங்கும் வரை நின்றுவிட்டு வந்தாள்.

கடையில் அம்மா நின்றதும் அப்படித்தான் இருந்தது. பாய் வேறு பேச்சுப் பேசினார். சித்தப்பா லாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் என் பக்கமாக நீட்டினாள்.

“நீ சொல்லுளா. எதை வாங்கட்டும்?”

என்னிடம் போய் இதைக் கேட்கிறாளே என்று இருந்தது. “நல்லதைத்தாம்மா. மட்டமா வாங்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்கல்லா” என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு மட்டமானதை மெதுவாக மேஜையில் வைத்தாள். பாய் அதை அட்டைப் பெட்டிக்குள் போட்டு மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் நிற்கவே இல்லை. கிறிஸ்மஸ் வந்தது, போனது. ஈஸ்டர் பாஸ்கா வந்தது, போனது. அணை வேலை முடியும் வரை அப்பா வரவில்லை. பில்டர் மாற்ற வேண்டும் என்று சொல்லி வரும்போதெல்லாம் அம்மா கடைக்கு வராமல் அத்தையோடு என்னை அனுப்பினாள். நானும் எட்டாவதோடு படிப்பை விட்ட பிறகு ஏதோ ஒரு வித்தை கைவந்ததாக எண்ணிக்கொண்டு, மடிப்பைத் தடவி, வளையத்தை அழுத்தி, பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன்.

ஒரு தடவை லாரி சித்தப்பா வழக்கம்போல ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, “மைனி, வண்டி கப்பல் மாதிரி போவுது. அன்னைக்கு நல்லாப் பாத்துத்தான் வாங்கியிருக்கிய” என்றார்.

“நான் எங்க வாங்குனேன்? இவதான் எடுத்துக் குடுத்தா” என்று அம்மா என்னைக் காட்டினாள்.

அம்மா என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.