கண்பிடுங்கியாரும் கிழங்குத் துண்டும்

பொம்மைத் தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் கண்பிடுங்கியார். சும்மா வைத்த பெயரில்லை. கரடிப் பொம்மையின் கண்ணை இடுக்கியால் கவ்வி, எந்திரத்தில் மாட்டி இழுப்பதுதான் அவர் வேலை. கண் கழன்று வந்தால் அந்த ரகக் கரடி கடைக்குப் போகாது. வராவிட்டால் மூக்கை இழுப்பார். மூக்கும் மசியாவிட்டால் காதுக்குப் போவார். எல்லாவற்றிலும் தேறி உட்கார்ந்திருக்கும் கரடியைப் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறாது. "இது எதையோ மறைக்குது" என்று அதை மறுபடி ஒருதரம் குப்புறப் போட்டுப் பார்ப்பார்.

அவர் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் குழல் இருந்தது. சின்னப் பிள்ளையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு. பொம்மையிலிருந்து கழன்ற துண்டு அதற்குள் முழுசாக அடங்கிவிட்டால், பிள்ளை விழுங்கி மூச்சடைக்கும் என்று அர்த்தம். அந்தக் குழலைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. அவர் கல்யாணத்தன்று எடுத்த படத்தில் மச்சினன் சட்டையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நிற்பான். புது மாப்பிள்ளை கட்டிப்பிடித்த சாக்கில் பொத்தானை இழுத்துப் பார்த்துவிட்டார். கையோடு வந்துவிட்டது. "நெனச்சேன்" என்றாராம்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? வீடே தொழிற்சாலை ஆகும். மேஜையின் மூலைகளுக்குப் பஞ்சுத் தொப்பி, அலமாரிக்குக் கயிறு, கதவுக்குக் கட்டை. குழந்தைக்கு விளையாட ஒரே ஒரு கரடி, அதுவும் கண்ணில்லாதது. இனி அதில் பிடுங்க ஒன்றுமில்லை என்று அவரே முத்திரை குத்திக் கொண்டுவந்தது. குழந்தைக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். யாரைப் பார்த்தாலும், நேற்றுச் சொன்ன வேலை முடிந்ததா என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள்.

மேனேஜருக்குச் சாப்பாடு என்றால் கூழ். கிழங்கோ பழமோ எதுவானாலும் அவித்து, மசித்து, சல்லடையில் தேய்த்து, அவர் மறுபடி ஒரு சல்லடையில் தேய்ப்பார். குழந்தை உட்காரப் பழகி, கைக்கு எட்டியதையெல்லாம் பிடுங்கும் பருவம் வந்தபிறகும் அதே கூழ்தான். குழந்தைகள் மருத்துவமனையில் நர்சம்மா கண்டித்துவிட்டார்.

"கையில பிடிச்சுச் சாப்பிடறமாதிரி மெத்துனு வேகவெச்ச துண்டு குடுங்க. இப்பப் பழகலைன்னா அப்புறம் துண்டைக் கண்டாலே துப்புவா."

அன்று சாயங்காலம் அவர் தொழிற்சாலையிலிருந்து பழைய குழல் ஒன்றைப் பையில் கொண்டுவந்தார். வாழைப்பழத் துண்டைப் போட்டார், அடங்கியது. வெந்த கேரட், அடங்கியது. விரல் நீளத்துக்கு நறுக்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொஞ்சம் தலையை நீட்டியது. நுனியைக் கிள்ளிவிட்டுப் போட்டார், அதுவும் அடங்கியது.

"எல்லாம் ஃபெயில்" என்றார்.

அவர் மனைவிக்கு நீச்சல் குளத்தில் வேலை. உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்து, தண்ணீரில் தத்தளிப்பவர்களைக் குதித்து இழுத்து வருகிறவள். குடத்தைத் தூக்குவதுபோல ஆளைத் தூக்குவாள்.

"ஏங்க, அந்தக் குழல் பொத்தானுக்கும் கோலிக்கும் வந்தது. கிழங்கு நசுங்கும்ங்க. பொத்தான் நசுங்குமா?"

"தொண்டைக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"அப்ப எப்பத்தான் துண்டு சாப்பிடுவா?"

"குழலுக்குள்ள அடங்காத துண்டா இருந்தா தாராளமா."

"பூசணிக்காயை முழுசா குடுக்கச் சொல்றீங்களா?"

துண்டு என்ற பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று முடிவாகிவிட்டது. அதாவது, அவர் முடிவு செய்தார். அவள் சும்மா இருந்துவிட்டாள். தேறிப்போன கரடியைச் சந்தேகப்பட்டவர், எதிர்த்துப் பேசாத மனைவியை அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அங்கேதான் கோட்டை விட்டார்.

அப்புறம் கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக உறுத்த ஆரம்பித்தது.

முதலில், சாயங்காலக் கூழை மேனேஜர் மறுத்தாள். கரண்டியைப் பார்த்ததும் உதட்டைப் பூட்டிவிட்டு, கேள்விப்பட்ட வதந்தி உண்மைதானா என்பதுபோல் அவரைப் பார்த்தாள். பிறகு, அவள் சட்டைக் கையில் ஆரஞ்சு நிறக் கறை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மச்சினன். சாயங்காலம்தான் அவனுக்கு டாக்சி ஓட்டும் வேலை.

"மாப்ளே, இது என்ன கறை?"

"பெயிண்ட் மாமா."

"வீட்ல எங்கடா பெயிண்ட்?"

"கார்ல... கார்ல ஒரு கீறல் இருந்துது மாமா."

"உன் கார் வெள்ளைக் காரு."

"அதான் மாமா, மாத்தலாமான்னு ஒரு யோசனை."

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் ஊருக்கே கேட்கும். அவர் அதற்குமேல் கேட்கவில்லை, கண்காணிக்க ஆரம்பித்தார். குழந்தை நாற்காலியின் இடுக்கை ஊதிப் பார்த்தார். குப்பைக்கூடையை மோந்து பார்த்தார். குழந்தையின் டயப்பரைத் தினமும் தானே மாற்றுவதாக முன்வந்தார். நல்ல அப்பா என்று எதிர்வீட்டுக்காரி புகழ்ந்தாள். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு நாள் அதில் பொடிசாக ஒரு கேரட் துணுக்கு கிடைத்தது. கையுறை மாட்டி, கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதையும் குழலுக்குள் போட்டுப் பார்த்தார்.

ஆனால் எல்லாவற்றையும்விட அவரைக் குடைந்தது கண்ணில்லாக் கரடிதான். அதன் முதுகில் பஞ்சு அமுங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். இழுத்ததில் வரும் சேதம் அவருக்கு அத்துபடி. இது இழுத்ததில்லை, அடித்தது. யாரோ இந்த வீட்டில் கரடியைக் குப்புறப் போட்டு முதுகில் சாத்துகிறார்கள். குழந்தைக்குத் துண்டு கொடுக்கிறவன், கரடியையும் அடிக்கிறான். எதற்கு? மச்சினனுக்கு எங்காவது மூளை கழன்றுவிட்டதோ? அவன் கையிலா பிள்ளையை விட்டுப் போகிறோம்?

மறுநாள் பல்வலி என்று சொல்லி, மதியத்துக்கு முன்பே தொழிற்சாலையிலிருந்து கிளம்பினார். வீட்டுக்குள் போகாமல், மாடி நடைபாதையில் காயப்போட்டிருந்த போர்வைக்குப் பின்னால் நின்று சமையலறை ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

மச்சினன் இருந்தான், அது எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் மனைவியும் இருந்தாள். குளத்தில் இருக்க வேண்டிய நேரம்! நனைந்த தலைமுடி, கழுத்தில் விசில், கால்மேல் கால். நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் மேனேஜர், இரண்டு கையிலும் சர்க்கரைவள்ளித் துண்டோடு. புருவத்தில் கிழங்கு, காதுக்குள் கிழங்கு. ஒன்றைக் கடித்து, மென்று, மேஜையில் தட்டி, வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பை அவர் இதுவரை பார்த்ததில்லை. இவருக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு சிரிப்பு வளர்ந்திருக்கிறது.

அப்போதுதான் அது நடந்தது. மேனேஜரின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. கண்ணில் நீர் முட்டியது. நாக்கை வெளியே தள்ளி, 'க்ஹே, க்ஹே' என்று ஓங்கரித்தாள்.

போர்வை, கயிறு, இரண்டு காலுறை எல்லாம் சேர்ந்து உள்ளே ஓடியதை மச்சினன் பிற்பாடு யாரிடம் சொன்னாலும், "ஒரு கட்டில் விரிப்பு கத்திக்கிட்டே வந்துது" என்றுதான் ஆரம்பிப்பான்.

"எடு! வாயில கையை விட்டு எடு!" என்று அலறியபடி விரலை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். விரல் குழந்தையின் உதட்டைத் தொடுவதற்குள் அவர் மணிக்கட்டை மனைவி பிடித்துவிட்டாள். தண்ணீரில் மூழ்குகிறவனைப் பிடிக்கும் பிடி. அசைக்க முடியவில்லை.

"விடும்மா! பிள்ளை போயிடும்!"

"கேளுங்க."

"என்னத்தைக் கேக்கறது?"

"சத்தம் கேக்குதா இல்லையா? சத்தம் போட்டா மூச்சு வருதுன்னு அர்த்தம். குளத்துல கத்துறவனை ஒரு கண்ணால பாப்பேன். சத்தமே போடாதவனுக்குத்தான் குதிப்பேன். உங்க விரலு அந்தத் துண்டை உள்ள தள்ளிடும். கேளுங்க."

அவர் கேட்டார். 'க்ஹே' என்றது. இன்னொரு 'க்ஹே'. அவர் ஆயுளில் அத்தனை நீளமான சத்தத்தைக் கேட்டதில்லை. பிறகு மேனேஜர் கிழங்குக் கட்டியை நாக்கால் முன்னுக்குத் தள்ளி, கையில் எடுத்து, ஏற இறங்கப் பார்த்து, மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை மென்றாள்.

அவர் போர்வையோடே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?" என்றார்.

"நர்சம்மா சொன்ன மறுநாள்ள இருந்து. மதிய ஷிஃப்டை மாத்திக்கிட்டேன். நான் இல்லாம அவன் ஒரு துண்டு குடுத்ததில்லை. திராட்சை, கடலை, பச்சைக் கேரட் மாதிரி வழுக்குறதும் கடிபடாததும் கண்ணுலயே காட்டறதில்லை. ரெண்டு விரலுக்கு நடுவுல நசுங்கினாத்தான் தட்டுக்கு வரும்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

அவர் மணிக்கட்டை அவள் அப்போதுதான் விட்டாள். "துண்டுக்கு நான் பயப்படலைங்க. உங்க விரலுக்குத்தான் பயந்தேன்."

அது குத்தியது. உலகத்துப் பொம்மையையெல்லாம் சந்தேகப்பட்ட விரல். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் பழக்கம் விடுமா?

"சரி, கரடியை யார் அடிச்சது?"

மச்சினன் நெளிந்தான். "நான்தான் மாமா. சத்தம் நின்னுட்டா என்ன பண்றதுன்னு அக்கா தினம் பரீட்சை வைக்குது. இப்படிக் கை மேல குப்புறப் போட்டு, தலை கீழாப் பாத்தமாதிரி, உள்ளங்கை அடியால முதுகுல..." கரடியை எடுத்து முழங்கை நீளத்துக்குக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் தட்டிக் காட்டினான். பஞ்சுத் தூசி பறந்தது. "பாவம் மாமா, கண்ணும் இல்ல, இப்ப முதுகும் இல்ல."

அவர் கையை நீட்டினார். கரடியை வாங்கி, தானும் குப்புறக் கிடத்தினார். மனைவி அவர் கையைத் திருத்தி, கரடியின் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். தட்டினார். "இன்னும் பலமா" என்றாள். தட்டினார்.

இதையெல்லாம் மேனேஜர் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் வந்தால் பின்னாலேயே கூழும் வரும் என்பது அவள் அனுபவம். உதட்டை இறுகப் பூட்டினாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், கரண்டி இல்லை. அப்போதும் நம்பவில்லை. வெகுநேரம் பார்த்தாள். கடைசியில், வாயில் ஊறிக் குழைந்து பாதியாகிப்போன துண்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். சாப்பிட்டுக் காட்டு என்கிறாள்!

மனிதர் அவசரமாக அப்படியே வாயில் வாங்கி விழுங்கினார். மெல்லுவதை மறந்துவிட்டார். புரையேறிவிட்டது. முகம் சிவக்க இருமினார், கண்ணில் நீர் கொட்டியது.

"அக்கா, மாமா!" என்றான் மச்சினன், கரடியைப் போட்டுவிட்டு.

"விடு, சத்தம் வருதில்ல" என்றாள் அவள். ஒரு கண்ணால் மட்டும் அவரைப் பார்த்தபடி.

மறுநாள் குழல் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்த பிறகுதான் தட்டில் வைப்பார். முகத்தில் அதே கரடி பார்க்கிற முகம்தான். மேனேஜரும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் வைத்த துண்டை எடுத்து, தானும் ஒருதரம் நசுக்கி, அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.