தானே சார்ஜ் ஆகும் மெஷின்

ஸ்பிரிங்வெளி கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் மனிதரை, அப்பாவின் நினைவு நாளன்று பூ வைக்கப் போனபோது சந்தித்தேன். வாதம் வந்து அவருடைய வலது கை துவண்டிருந்தது. இடது கையால் சாவியைத் திருப்பி மெஷினை ஸ்டார்ட் செய்தார். செய்ததும் அதை ஒருமுறை தட்டிக் கொடுத்தார்.

"முந்தி பேட்டரி இறங்கிப் போயிரும்ங்க. கயித்த இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும். எனக்குக் கை ஏலாது. கூப்பிட்டா என் சம்சாரம் கொழுந்து பறிக்கிற மலையில இருந்து ஓடியாந்து இழுத்துக் குடுப்பா."

"இப்போது?"

"அவ தவறிட்டாங்க. அதான் பழைய மோட்டார் சைக்கிள் காயில் ஒண்ண மாட்டுனேன். ஓடும்போதே பேட்டரி சார்ஜ் ஆயிரும். யாரையும் கூப்பிடத் தேவயில்ல."

"நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்" என்றேன்.

"நல்லாத்தான் ஓடுதுங்க" என்றவர், மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அவ இருக்கயிலயே செஞ்சிருக்கலாம். ஆனா அப்புறம் அவ எதுக்கு வரப்போறா?"

புல் வெட்டிக்கொண்டே போனவர், ஓரத்தில் இருந்த புது மண்மேட்டருகே மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். நான் தோட்டத்தின் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, பஸ் ஏறும் வரையிலும் மெஷின் சத்தம் கேட்கவே இல்லை.