முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கன்

நான் பத்தாவது வரை படித்தவள். ஓர் ஊரின் வரலாற்றை எழுத எனக்குத் தகுதி இல்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் வரலாறு என்று தெருமுனைப் பலகையில் எழுதியதில் ஒரு வரி தப்பு. அந்த வரி என்னைப் பற்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையாகக் கிடந்த இடத்தில் முதலில் வந்தது இரும்பு வார்ப்புக் கம்பெனி. டீக்கடை, சர்ச், லைன் வீடுகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. கம்பெனி கேட்டில் ஆணி அடித்த ஒரு பலகை இருக்கும். உள்ளே போகும்போது அவரவர் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு, திரும்பும்போது மாட்டிவிட வேண்டும். அதில் இருக்கும் நம்பரைச் சொல்லித்தான் சூப்பர்வைசர் கூப்பிடுவார். அந்தப் பழக்கம் தெருவுக்கும் வந்துவிட்டது. "பதினெட்டு ஊட்ல காதுகுத்து" என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருவர் நின்றுவிட்டால் அவர் டோக்கன் அடுத்து சேருகிறவருக்குப் போகும்.

கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. பழைய தொழிலாளர் சங்கம்தான் தெருமுனைப் பலகையை வைத்தது. கிடைத்தது கடைசிப் பதிவேடு மட்டும். அதில் ஒவ்வொரு நம்பருக்கும் கடைசியாக இருந்தவர் பெயர்தானே இருக்கும்? பெண்களில் ஆகச் சின்ன நம்பர் என்னுடைய முப்பத்தொன்று. அதைப் பார்த்து, 'முதல் பெண் தொழிலாளி' என்று என் பெயரை எழுதிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவில் எனக்குச் சால்வை என்றார்கள். என் மகள் பலகையைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். இரண்டு நாள் நானும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் முதல் முப்பத்தொன்று நான் இல்லை. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வார்ப்பு மணல் சலித்த அக்கா ஒருவர். உருக்கிய இரும்பு காலில் சிந்தி, இரண்டு விரல் போய், வேலையை விட்டார். கம்பெனி தொடங்கிப் பதினோரு வருடம் கழித்து அந்த இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

வியாழக்கிழமை ஆரம்பாக்கம் போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"எனுக்கு எதுக்குடி சால்வ? இட்லித் தட்டுல துணியா போட்றதுக்கா?"

இரண்டு பேருக்குப் பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது.

"சால்வய நீயே வச்சிக்கோ. போர்டுல மட்டும் எம் பேர எழுதச் சொல்லு. அந்த கேட்டாண்ட ஒருத்தனும் என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல."

வெள்ளிக்கிழமை, இப்போது வேலை பார்க்கும் வேறொரு கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் எனக்குப் பிறகு சேர்ந்தவர், அக்காவைப் பார்த்ததில்லை. பலகை எழுதி முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை விழா, இப்போது வந்து இப்படிச் சொன்னால் எப்படி என்றார். நான் அங்கேயே நின்றேன். டீ வந்தது, குடிக்கவில்லை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"இன்னாம்மா பேஜாரு பண்ற? அவங்கதான் மொத ஆளுன்னு அத்தாட்சி இன்னா கீது?"

வீட்டுக்கு ஓடினேன். கம்பெனி மூடிய அன்று டோக்கனை ஆணியில் மாட்டாமல் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். அலமாரியில் கறுத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து எடுத்துப் போய் அவர் மேசையில் கவிழ்த்து வைத்தேன். பின்பக்கம் ஆணியால் கீறிய கோணல் எழுத்தில் அக்காவின் பெயர், ஊர், சேர்ந்த தேதி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் விரலில் தட்டுப்பட்ட எழுத்து அது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அந்தத் தேதி பலகையில் இருக்கும் கம்பெனி திறப்புத் தேதிதான்.

"எழுத்து போட்றவருக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடும்மா" என்று நம்பர் கொடுத்தார். தெரியாத ஆளிடம் போனில் பேசி எனக்குப் பழக்கமில்லை. பேசினேன்.

மறுநாள் காலை எழுத்துக்காரர் ஏணியோடு வந்து, என் பெயரைச் சுரண்டிவிட்டு அக்காவின் பெயரை எழுதினார். நான் பக்கத்தில் நின்று எழுத்தைச் சரிபார்த்துவிட்டு, இரண்டாம் ஷிப்டுக்குப் போனேன்.