ஏற்றத்தில் கை காட்டியவர்

பேய்க் கதை சொல்கிறவர்கள் கதைக்குள் தங்களைக் கொஞ்சம் வீரனாகக் காட்டிக்கொள்வார்கள். இதை என்னிடம் சொன்னவர் ஒரு இடத்தில்கூட அப்படிக் காட்டிக்கொள்ளவில்லை. அதனால்தான் இது நடந்தது என்று நம்புகிறேன். பொய் சொல்கிறவன் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்வான். இவர் சொன்னதில் இவருக்கு மிஞ்சியது தலைகுனிவு மட்டும்தான்.

நள்ளிரவு இல்லை. இருட்டுகூட இல்லை. ஒரு புதன்கிழமை. பிற்பகல் மூன்று நாற்பது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிற வேலை. வயது நாற்பத்து நான்கு. அதிர்ந்து பேச மாட்டார். வாழ்க்கையில் அவர் பிடித்த ஒரே அடம், அந்த இருநூறு சிசி வண்டி. தார்ச் சாலையிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஏறும். ஒல்லியான, உயரமான வண்டி. பழையதாகத்தான் வாங்கினார்.

மனைவியின் தம்பி மெக்கானிக். மூன்று வாரம் இருவரும் அவன் ஷெட்டில் வண்டியோடு மல்லுக்கட்டினார்கள். பட்டன் டயர் மாட்டினார்கள். செயினை ஓட்டுகிற முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தார்கள், ஏற்றத்தில் இழுவை கிடைக்க. இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் ஒரு அலுமினியத் தகடு. மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜினுக்கு மூச்சு முட்டும் என்று கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டை ஒரு நம்பர் சின்னதாக்கினார்கள். கால் தரையில் எட்டவில்லை என்று சீட்டின் ஸ்பாஞ்சையும் அரை அங்குலம் அறுத்தார்கள். கடைசியாக அவரை வண்டியில் ஏற்றி, பின்பக்கம் எத்தனை விரல் இறங்குகிறது என்று அளந்து, ஸ்பிரிங்கை அவர் எடைக்குச் சரியாக முறுக்கி வைத்தான் மச்சினன்.

"அத்தான், இனிமே வண்டி மேல குறை சொல்ல முடியாது. விழுந்தா அது உங்க திறமை."

விழுந்தார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

மலைப்பாதையில் ஒரு ஏற்றம் இருக்கிறது. இருநூறு மீட்டர். உருளும் கல், சேறு, நடுவில் ஒரு வளைவு, இடது பக்கம் பள்ளம். நடுவில் ஆக்சிலேட்டரை விட்டால் தீர்ந்தது. பின்சக்கரம் வழுக்கும், வண்டி பின்னால் சரியும், ஆள் மண்ணைக் கவ்வுவார். அவர் இரண்டாம் முறை விழுந்ததை மச்சினன் வீடியோ எடுத்துவிட்டான். கைக்குழந்தையைத் தவிரக் குடும்பத்தில் எல்லோரும் பார்த்தாயிற்று. மனைவி பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு அவருக்கு உறைத்தது.

அதனால் அந்தப் புதன்கிழமை, கடைக்கு அரைநாள் விடுமுறை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். மனைவியிடம் சொன்னது வேறு.

"லென்ஸ் வாங்க மொத்தக் கடைக்குப் போயிட்டு வரேன்."

"மழை வர்ற மாதிரி இருக்கு. பஸ்ல போங்களேன்."

"சீக்கிரம் வந்துடுவேன்."

முழங்கால் கவசத்தைப் பையில் ஒளித்து எடுத்துக்கொண்டார்.

மூன்று பத்துக்குத் தார்ச் சாலை முடிந்தது. டயரில் காற்றைக் குறைத்தார். மேகம் பாதை வரை இறங்கியிருந்தது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டார். மூன்று நாற்பதுக்கு ஏற்றத்தின் அடியில் இருந்தார்.

இரண்டாம் கியர். எழுந்து நின்று, முழங்காலால் டேங்கைக் கவ்வி, ஒரே சீராக ஆக்சிலேட்டர். வண்டி ஏறியது. முதல் கல்வரிசை தாண்டியது. இரண்டாவதும். இன்ஜின் அப்படி இழுத்ததே இல்லை. இன்னிக்கு முடிஞ்சுது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வளைவில் ஒரு ஆள் நின்றிருந்தான்.

பள்ளத்தின் விளிம்பில். சாம்பல் நிற ஜாக்கெட். தலையில் ஹெல்மெட், முகக் கண்ணாடி மூடியிருந்தது. வலது கை தொங்கியது. இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி நின்றான். ஆட்டவில்லை. சும்மா தூக்கியிருந்தான்.

நிறுத்தச் சொல்கிறான். அது புரியாமல் இல்லை. புரிந்தது.

நிறுத்தினால் போச்சு, என்று மட்டும்தான் நினைத்தார்.

ஒரு முழத் தூரத்தில் அவனைக் கடந்தார்.

கடக்கும்போது ஒன்றைக் கவனித்தார். அவர் தொழிலே கண்ணாடி. ஹெட்லைட் வெளிச்சம் அந்த முகக் கண்ணாடி மேல் நேராக விழுந்தது. எந்தக் கண்ணாடியானாலும் கொஞ்சமாவது வெளிச்சத்தைத் திருப்பும். இது திருப்பவில்லை.

மூன்று நாற்பத்து நான்கு. உச்சி.

ஏறிவிட்டார்! தனியாக நின்று கத்தினார். வண்டியோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

டக்... டக்... டக்.

இன்ஜினுக்குள் வால்வைத் தட்டுகிற டேப்பெட்டின் சத்தம் என்று நினைத்தார். குனிந்து இன்ஜினில் காதை வைத்தார். சரியாகப் பிடிபடவில்லை. சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

அமைதி. சூடான சைலன்சர் ஆறுகிற சின்னச் சின்ன ஒலி.

பிறகு...

டக்... டக்... டக்.

இன்ஜினில் இல்லை. கீழே. பள்ளத்தின் பக்கம். கல்லால் இரும்பைத் தட்டுகிற மாதிரி.

'அந்த ஆள் வண்டியை ரிப்பேர் பார்க்கிறான்' என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். வண்டி எங்கே நின்றது? அவர் எந்த வண்டியையும் பார்க்கவில்லை. அதை யோசிக்க அவருக்கு விருப்பமில்லை.

இறங்க வேறு வழியும் இல்லை. மூன்று ஐம்பத்து மூன்று. வளைவுக்கு வந்தார்.

யாரும் இல்லை.

ஈரச் சேற்றில் அவருடைய டயர் தடம் ஒன்றுதான் இருந்தது. ஆள் நின்ற இடத்தில் காலடி இல்லை. புல்கூட மடங்கவில்லை.

நிறுத்தி, காலை ஊன்றினார். இன்ஜின் தானாக அணைந்தது.

டக்... டக்... டக்.

காலுக்கு நேர் கீழே. பள்ளத்தில் மேகம். ஒன்றும் தெரியவில்லை.

"யாரு?" என்று கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

சத்தம் நின்றது. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது போல் இருந்தது...

அப்போது பின் ஸ்பிரிங் இறங்கியது.

கிரீச்...

மெதுவாக.

நான்கு விரல்.

யாரோ பின்னால் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு.

திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினார். ஓட்டினார். விழாமல் எப்படி இறங்கினார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. வழி முழுக்க முன்சக்கரம் லேசாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்தகடு தரையில் இடித்தது. பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. தொடுகை இல்லை. எடை மட்டும் இருந்தது.

தார்ச் சாலை வந்தது. பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு இருபது.

வீட்டில் மனைவி சேற்றைப் பார்த்தாள்.

"லென்ஸ் கிடைச்சுதா?"

"ஸ்டாக் இல்லையாம்."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இரவு எட்டே கால். வண்டி ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'இவரை யாராவது பார்த்தீங்களா? செவ்வாய் மதியத்திலிருந்து போன் எடுக்கல.' கீழே ஒரு படம். பம்ப் மோட்டார் பழுது பார்க்கிற ஒருவர். வயது முப்பத்தைந்து இருக்கும். சாம்பல் நிற ஜாக்கெட்.

'நான்' என்று தட்டினார்.

விரல் நின்றது. மலைக்குப் போனது வெளியே வரும். பொய் சொன்னது வரும். கை காட்டியும் நிற்காமல் போனது வரும். அப்புறம் அந்த எடையைப் பற்றி என்னவென்று சொல்வது? மறுபடியும் சிரிப்பார்கள். ஆள் நன்றாகத்தானே நின்றுகொண்டிருந்தான்... இதற்குள் வீட்டுக்குப் போயிருப்பான்...

'நான்' என்பதை அழித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

இரவெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. தலையணைக்குள். டக்... டக்... டக். விடிந்ததும் பல் விளக்கும்போது கேட்டது. ஒன்பதரைக்கு வண்டியை மச்சினன் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்.

"டேப்பெட் சத்தம் வருது, மாப்ள."

அவன் காதை வைத்துக் கேட்டான். "ஒண்ணும் இல்லையே அத்தான்."

"நல்லாக் கேளு."

"சூடா இருக்கு. ஆறட்டும், பிரிச்சுப் பார்த்துடலாம்."

இன்ஜின் ஆறக் காத்திருந்தார்கள். அணைந்து கிடந்த வண்டியிலிருந்து அவருக்குச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. முன்பு போல இல்லை. இப்போது விட்டு விட்டு வந்தது. டக்... வெகுநேரம் கழித்து, டக். பதினொரு மணிக்கு மச்சினன் மூடியைக் கழற்றி, மெல்லிய தகட்டை இடைவெளியில் விட்டு அளந்தான். ஒரு மயிரிழை பிசகில்லை.

"உங்க காதுலதான் பிரச்சனை. வண்டி தங்கம்."

பதினொன்று ஐந்து. சத்தம் நின்றது.

"அப்பாடா. நின்னுடுச்சு மாப்ள" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார்.

இந்த இடத்தைச் சொல்லும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மச்சினன்தான் கடைக்கு வந்து சொன்னான். செவ்வாய்க்கிழமை அந்த ஆள் மலைப்பாதைக்குள் வண்டியைத் திருப்பியதைப் பார்த்த யாரோ, வியாழக்கிழமைதான் குழுவில் எழுதியிருக்கிறார். அன்றைக்கே சிலர் போய்ப் பார்த்தால், அந்த மனிதர் ஏற்றத்தின் வளைவுக்கு நேர் கீழே, பள்ளத்தில், வண்டிக்கடியில் கிடந்திருக்கிறார். தொடை எலும்பும் வலது கையும் முறிந்திருந்தன. விழுந்தது செவ்வாய்.

"அப்ப... புதன்கிழமை அவரால நின்னிருக்க முடியாதா?"

"எப்படி நிப்பார்? அசையவே முடிஞ்சிருக்காதாம். இடது கையில ஒரு கல்லு, அத்தான். சைலன்சர் பூரா அடிச்ச தழும்பு. தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கார்."

"எப்ப போச்சு உயிர்?"

"வியாழன் காலைலதான். தேடிப் போனவங்க பார்த்தப்ப உயிர் போய் ரெண்டு மணி நேரம்தான் ஆகியிருந்துதாம். பதினோரு மணி வாக்குல."

செத்தவர் வந்து நின்றிருந்தால்கூட அவருக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். புதன்கிழமை அந்த வளைவில் கை காட்டியபோது அந்த மனிதர் உயிரோடு இருந்தார்.

பத்து நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சிரிக்கவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த மனுஷனோட பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லுங்க."

பஸ்ஸில் போனார். மலையிலிருந்து நாற்பது கிலோமீட்டர். இரண்டாம் மாடியில் சின்ன வீடு. இறந்தவரின் மனைவி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கை காட்டியது, நிறுத்தாமல் போனது, தட்டிய சத்தம், பின்னால் ஏறிய எடை, நாலு இருபது, குழுவில் எழுதி அழித்தது. எதையும் விடவில்லை. அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தார். அப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நாலு இருபதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்மா. கடிகாரத்தைப் பார்த்தேன்."

அவள் எழுந்து போய்க் கதவருகே நின்றாள். கதவில், வெளியே யார் என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துளை.

"செவ்வாய்க்கிழமை எங்களுக்குள்ள சண்டை. போறதுன்னா அப்படியே போயிடுங்கன்னு நான்தான் சொன்னேன். மறுநாள் அடுப்புல பால் வச்சுட்டு மணி பார்த்தேன். நாலு இருபது. காலிங் பெல் அடிக்கல, கதவைத் தட்டல. ஏதோ தோணுச்சு. வந்து இதுல பார்த்தேன். வாசல்ல நின்னுட்டு இருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. இடது கையைத் தூக்கிட்டு..."

அவர் கதவைப் பார்த்தார்.

"தாழ்ப்பாள்ல கை வச்சேன். அப்புறம், அஞ்சு நிமிஷம் நிக்கட்டும்னு விட்டுட்டேன். திறந்தப்ப ஆள் இல்ல. திரும்பி வரலைன்னு ராத்திரி போலீஸுக்குப் போனேன், கடைசியா எப்பப் பார்த்தீங்கன்னு கேட்டாங்க. இன்னிக்கு சாயந்திரம், வீட்டு வாசல்லன்னு சொன்னேன். அதனால ஊருக்குள்ளயே தேடினாங்க."

அவள் அந்தக் கண்ணாடித் துளையை விரலால் மூடினாள்.

"உங்ககிட்ட வந்தார், நீங்க நிறுத்தல. என்கிட்ட வந்தார், நான் திறக்கல" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அதுக்கப்புறமும் விடிய விடிய உயிரோடதான இருந்திருக்கார்... வேற யார் யார் வாசல்ல போய் நின்னாரோ."